டாக்டர் ஹூ: அடுத்த சீசனுக்காகக் காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாக்டர் ஹூ, பிரிட்டனின் பிபிசியில் வரும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். காலத்தில் பயணிக்கும் டாக்டர் அதன் நாயகன்; சாகும் நிலைக்கு வரும்போது அவர் புது முகம் எடுப்பார். 2025 மே 31 அன்று ஒளிபரப்பான எபிசோடின் முடிவில், டாக்டராக நடித்த ஷூட்டி கட்வா பொன்னிற ஒளியில் கரைந்தார். ஒளி அடங்கியபோது அங்கே சிரித்த முகத்துடன் நின்றவர் பில்லி பைப்பர். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே தொடரில் டாக்டரின் தோழி ரோஸாக வந்தவர் அவர். அத்தோடு எபிசோட் முடிந்தது, சீசனும் முடிந்தது. அன்றிலிருந்து ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடப்பு நிலவரத்தைப் பொறுத்தவரை 2025 இறுதிவரை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டவற்றையே உறுதியாகச் சொல்கிறேன். என் அபிப்பிராயம் வரும் இடங்களில் அது அபிப்பிராயம் என்பது வாசிக்கும்போதே புரியும்.

புதிய சீசன் எப்போது வரும்?

முழு சீசனுக்குத் தேதி சொல்லப்படவில்லை. 2025 அக்டோபர் 28 அன்று பிபிசி வெளியிட்ட அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. டிஸ்னி பிளஸ் நிறுவனத்துடனான கூட்டுத் தயாரிப்பு முடிவுக்கு வருகிறது என்பது ஒன்று. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோட் வரும், அதை 2005இல் தொடரை மீட்டுக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுகிறார் என்பது மற்றொன்று. அதற்குப் பின்வரும் சீசன் பற்றிய விவரம் உரிய நேரத்தில் அறிவிக்கப்படும் என்றார்கள். சிறு குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது.

இதற்கு மேல் மாதம், தேதி, நடிகர் பட்டியல் என்று யாராவது அடித்துச் சொன்னால், பிபிசி அதைச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

டிஸ்னி விலகிவிட்டது என்றால் தொடர் முடிந்துவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. தொடர் எப்போதும் பிபிசியின் சொத்து. 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தப்படி டிஸ்னி தயாரிப்புச் செலவில் பங்கேற்றது, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே ஒளிபரப்பும் உரிமையைப் பெற்றது. அந்த ஒப்பந்தம் 26 எபிசோடுகளுக்கானது. 2023இல் வந்த அறுபதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடுகள் மூன்று, கிறிஸ்துமஸ் எபிசோடுகள் இரண்டு, எட்டு எட்டாக இரண்டு சீசன்கள், 2025 டிசம்பரில் பிபிசியில் வந்த ஐந்து பகுதிக் கிளைத் தொடர் என்று கூட்டினால் கணக்குச் சரியாக வரும். ஒப்பந்தத்தில் இருந்தது முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

பணம் குறையும் என்ற கவலை நியாயமானது. ஆனால் இந்தத் தொடரின் மிகச் சிறந்த நேரங்கள் பணத்தால் வந்தவை அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலத்தில் பயணிக்கும் டார்டிஸ் என்ற விண்கலம் நீல நிற போலீஸ் பெட்டியாக இருப்பதற்கே 1963இன் சிக்கனமான பட்ஜெட் ஒரு காரணம். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு இடத்துக்கு ஏற்ற புது வடிவம் கட்ட வசதி கிடையாது. ஆகவே கலத்தின் உருமாறும் கருவி பழுதாகி அதே வடிவத்தில் நின்றுவிட்டது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு இன்று அடையாளமாகத் தெரிவது அந்தப் பெட்டிதான். 1970இல் தொடர் வண்ணத்துக்கு மாறியபோது, செலவைக் கட்டுப்படுத்த டாக்டரைப் பூமியிலேயே நாடுகடத்தி வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் யூனிட் என்ற ராணுவ அமைப்பைச் சுற்றிய கதைகளின் பொற்காலம்.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் இதே நிலைதான். 2008இல் வந்த "மிட்நைட்" எபிசோட் ஏறக்குறைய முழுவதும் ஒரே பயண வண்டிக்குள் நடக்கிறது. எதிரியை நாம் கடைசிவரை பார்ப்பதே இல்லை. ஒரு பெண், மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவே. அந்த எபிசோடைப் போல என்னை அச்சுறுத்திய வேறொன்று இந்தத் தொடரில் இல்லை. 2015இல் "ஹெவன் சென்ட்" எபிசோடில் அப்போதைய டாக்டர் பீட்டர் கபால்டி ஏறக்குறைய தனியாளாக ஒரு மணி நேரத்தைத் தாங்கினார். நல்ல எழுத்தாளரும் நல்ல நடிகரும் ஓர் அறையும் கிடைத்தால் டாக்டர் ஹூ எடுத்துவிடலாம்.

பில்லி பைப்பர்தான் பதினாறாவது டாக்டரா?

அப்படிச் சொல்லப்படவில்லை. வழக்கமாகப் புதிய டாக்டர் தோன்றும் எபிசோடின் பெயர்ப் பட்டியலில், டாக்டர் பாத்திரத்தில் இன்னார் என்று போடுவார்கள். இந்த முறை பில்லி பைப்பரை அறிமுகப்படுத்துகிறோம் என்று மட்டுமே போட்டார்கள், பாத்திரத்தின் பெயர் இல்லை. இது கைதவறி நடந்ததல்ல என்பது தெளிவு.

அவர் டாக்டராக இருக்கலாம். பழைய தோழி ரோஸின் முகம் ஏதோ காரணத்தால் டாக்டருக்கு வந்திருக்கலாம். 2013இன் ஐம்பதாம் ஆண்டு எபிசோடில் அவர் ஏற்ற, ஆயுதமொன்றின் மனச்சாட்சியாக வரும் பாத்திரமாகவும் இருக்கலாம். டாக்டருக்குத் தெரிந்த முகம் திரும்ப வருவது புதிதல்ல. கபால்டி முதலில் 2008இல் ஒரு ரோமானியக் குடிமகனாக இதே தொடரில் நடித்தவர். பின்னர் அவர் டாக்டராக வந்தபோது, அந்த முகம் ஏன் வந்தது என்பதற்கு 2015இல் அழகான காரணம் சொன்னார்கள்: ஒருவரையாவது காப்பாற்று என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்வதற்காக. முன்பு டாக்டராக இருந்த டேவிட் டென்னன்ட்டும் 2022இல் பழைய முகத்துடன் திரும்பினார். ஆகவே மூன்றாவது முறையாக இந்த வித்தையைச் செய்வதென்றால் வலுவான காரணம் வேண்டும். சிறப்பு எபிசோடிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது அந்தக் காரணத்தைத்தான்.

தொடருக்குப் புதியவன் நான். ஒருவர் எப்படி இன்னொருவராக மாறுகிறார்?

டாக்டர் பூமியைச் சேர்ந்தவர் அல்லர். கேலிஃப்ரே என்ற கிரகத்தில் வாழ்ந்த டைம் லார்ட் இனத்தவர். அவர்கள் சாகும் நிலைக்கு வரும்போது உடல் முழுவதும் புதிதாகிவிடும். நம் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்தலில் உயிர் வேறொரு உடலுக்குப் போகிறது. இங்கே அதே உடல் தன்னையே புதிதாக வார்த்துக்கொள்கிறது. நினைவுகள் தொடரும், முகமும் குரலும் குணத்தின் சாயலும் மாறும்.

இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். 1966இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றியபோது, தொடரை நிறுத்தாமல் காப்பாற்றக் கண்டுபிடித்த வழி இது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் கீழே விழுந்து பாட்ரிக் ட்ரௌட்டனாக எழுந்தார். சாயல்கூட ஒத்துப்போகாத நடிகரைத் தேர்ந்தெடுத்த அந்தத் துணிச்சல் இல்லையென்றால், இன்று நாம் காத்திருக்க எதுவும் இருந்திருக்காது.

இதற்கு முன் இவ்வளவு நீண்ட இடைவெளி இருந்திருக்கிறதா?

இதைவிட மிக நீண்டதே இருந்திருக்கிறது. 1989 டிசம்பர் 6 அன்று பழைய தொடரின் கடைசி எபிசோட் வந்தது. அடுத்த வழக்கமான எபிசோட் வந்தது 2005 மார்ச் 26 அன்று. நடுவில் 1996இல் பால் மெக்கான் டாக்டராக நடித்த ஒரே ஒரு தொலைக்காட்சித் திரைப்படம். அமெரிக்காவில் அது எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை, தொடராக வளரவும் இல்லை.

1989இல் நடந்ததை அறிந்துகொள்வது இன்று காத்திருப்பவர்களுக்குப் பயன்படும். தொடரை ரத்து செய்கிறோம் என்று யாரும் வெளிப்படையாக அறிவிக்கவில்லை. கடைசி ஆண்டுகளில், பிரிட்டனின் மிகப் பிரபலமான நெடுந்தொடரான "கொரோனேஷன் ஸ்ட்ரீட்" எதிர்ச் சேனலில் ஓடும் நேரத்தில் இதைப் போட்டார்கள். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது. அடுத்த சீசனுக்கு உத்தரவு வரவில்லை. தயாரிப்பாளர்களுக்கு நிலைமை புரிந்ததால், கடைசி எபிசோட் முடியும் இடத்தில் அப்போதைய டாக்டர் சில்வெஸ்டர் மெக்காயின் குரலில் ஒரு சிறு உரையைச் சேர்த்தார்கள். இன்னும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டரும் தோழி ஏஸும் நடந்து போகிறார்கள். விடைபெறுதலாகவும் கொள்ளலாம், வாக்குறுதியாகவும் கொள்ளலாம்.

2005க்குப் பிறகும் குறுகிய வறட்சிகள் வந்தன. 2009, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் முழு சீசன் கிடையாது. 2016இல் டிசம்பர் 25 வரை ஓர் எபிசோடுகூட இல்லை. 2019இல் புத்தாண்டு நாளில் ஒன்று வந்ததோடு சரி. அந்த ஆண்டுகளிலும் தொடர் முடிந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

அந்தப் பதினாறு ஆண்டுகளில் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? காத்திருப்பதால் ஏதாவது நடக்குமா?

இந்தப் பக்கத்தை நான் எழுத முன்வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நடந்தது. நிறைய நடந்தது.

1991 முதல் வர்ஜின் பதிப்பகம், தொடர் நின்ற இடத்திலிருந்து கதையைப் புதிய நாவல்களாக வளர்த்துச் சென்றது. தொலைக்காட்சி அனுபவம் இல்லாதவர்களும் கதை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. எழுத வந்தவர்களில் பெரும்பாலானோர் ரசிகர்கள். பால் கார்னல் 1995இல் "ஹ்யூமன் நேச்சர்" என்ற நாவலை எழுதினார். டாக்டர் தன் நினைவுகளை மறைத்துக்கொண்டு, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு பள்ளி ஆசிரியராக வாழும் கதை. 2007இல் அவரே அதை டேவிட் டென்னன்ட்டுக்காகத் திரைக்கதையாக்கினார். இன்றும் எந்தச் சிறந்த எபிசோடுகள் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. 1996இல் அதே வரிசையில் ஒரு நாவல் எழுதியவர் பெயர் ரஸ்ஸல் டி டேவிஸ்.

1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய டாக்டர்களையே அழைத்து ஒலிநாடகங்கள் தயாரித்தது. அதுவரை திரையில் ஒரே ஓர் இரவு மட்டும் டாக்டராக இருந்த பால் மெக்கானுக்கு ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்தது அந்த நாடகங்கள்தான். ராபர்ட் ஷியர்மன் 2003இல் எழுதிய ஒலிநாடகத்தின் கரு, 2005 சீசனில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒற்றை டாலெக்கின் (டாலெக்குகள் டாக்டரின் பரம எதிரிகளான வேற்றுக்கிரக இனம்) கதையாக மாறியது. ஒலிநாடகங்களில் டாலெக்குகளுக்குக் குரல் கொடுத்துவந்த நிக்கலஸ் பிரிக்ஸ்தான் 2005 முதல் தொலைக்காட்சியிலும் அவற்றின் குரல். 1979இல் தொடங்கிய டாக்டர் ஹூ இதழ், புதிதாக எழுத ஓர் எபிசோடுகூட இல்லாத ஆண்டுகளிலும் நிற்காமல் வந்தது.

2005க்குப் பிறகு தொடரை நடத்தியவர்களைப் பாருங்கள். ஸ்டீவன் மொஃபட், 1999இல் ஒரு தொண்டு நிகழ்ச்சிக்காக டாக்டர் ஹூ நகைச்சுவை நாடகம் எழுதிய ரசிகர். கிறிஸ் சிப்னால், 1986இல் பதினாறு வயதில் பிபிசி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, அந்த ஆண்டுக் கதைகளை அவற்றின் எழுத்தாளர்கள் முன்னிலையிலேயே விமர்சித்தவர். கபால்டி பதினைந்து வயதில் எழுதிய ரசிகர் கடிதம் 1974இல் ரேடியோ டைம்ஸ் இதழில் அச்சானது. டென்னன்ட் நடிகரானதே சிறுவயதில் இந்தத் தொடரைப் பார்த்த ஆசையால்தான் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

தொடர் நின்ற காலத்தில் அதை விட்டுப் போகாதவர்கள்தான் பின்னர் அதை எழுதினார்கள், இயக்கினார்கள், நடித்தார்கள். 2005இல் திரும்பி வந்தது பிபிசி பாதுகாத்து வைத்திருந்த பொருள் அன்று. ரசிகர்கள் பதினாறு ஆண்டுகள் உழைத்து வளர்த்து வைத்திருந்தது அது. எனவே இப்போது ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் டாக்டர் கதை எழுதிக்கொண்டிருந்தால், அதை வீண்வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சீசன் எண்கள் ஏன் இப்படிக் குழப்புகின்றன?

மூன்று முறை எண்ணத் தொடங்கியதால். 1963 முதல் 1989 வரை 26 சீசன்கள். 2005இல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி 2021 வரை 13. 2024இல் மறுபடியும் ஒன்று, 2025இல் இரண்டு. ஆக மொத்தம் 41. "சீசன் 1" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே பாதுகாப்பு.

ஒரு சீசனுக்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது?

ஒவ்வொரு எபிசோடும் புதிய உலகம். நெடுந்தொடர் என்றால் வீடு ஒன்று, அலுவலகம் ஒன்று என்று அரங்கங்களைக் கட்டி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் எடுக்கலாம். இங்கே டார்டிஸின் உட்புறத்தைத் தவிர அடுத்த வாரத்துக்கு மிஞ்சும் அரங்கம் எதுவும் இல்லை. உடை, ஒப்பனை, உயிரினங்கள் எல்லாமே புதிதாக வேண்டும். படப்பிடிப்பு முடிந்த பின் கணினி வரைகலை, இசை என்று மாதக்கணக்கில் வேலை நீளும். 2025இல் வந்த சீசனின் படப்பிடிப்பு 2023 அக்டோபரில் தொடங்கி 2024 மே மாதத்தில் முடிந்தது. திரைக்கு வந்தது 2025 ஏப்ரல் 12 அன்று. படப்பிடிப்பு முடிந்து ஏறக்குறைய பதினொரு மாதங்கள்.

எபிசோடுகளின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. 2005இல் 13, 2014இல் 12, 2018இல் 10, 2024இல் 8. எட்டில் ஒரு பாத்திரத்தோடு பழக நேரம் போதவில்லை என்பது என் வருத்தம். 2024 சீசனின் தோழி ரூபி சண்டேயை அறிந்துகொள்ளத் தொடங்கும்போதே சீசன் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த தோழி பெலிண்டாவுக்கும் அதே கதி. அடுத்த சீசனில் ஒன்றைக் கேட்கலாம் என்றால், பெரிய விண்வெளிப் போர்களைக் குறைத்துக்கொண்டு இரண்டு எளிய எபிசோடுகளைக் கூட்டுங்கள் என்று கேட்பேன்.

சூசன் கதை என்ன ஆகும்?

சூசன் டாக்டரின் பேத்தி. 1963 நவம்பர் 23 அன்று வந்த முதல் எபிசோடே, லண்டன் பள்ளி ஒன்றில் படிக்கும் இந்த விசித்திரமான பெண் யார் என்று அவளுடைய ஆசிரியர்கள் வியப்பதில்தான் தொடங்குகிறது. 1964 டிசம்பரில், டாலெக்குகளால் பாழான பூமியை மீட்டெடுக்கவும் தான் விரும்பிய மனிதனுடன் வாழவும் அவள் அங்கேயே தங்கட்டும் என்று டாக்டர் முடிவெடுக்கிறார். டார்டிஸின் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, ஒருநாள் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பின்னர் 1983இன் சிறப்பு எபிசோடில் இருவரும் சந்தித்தாலும், அந்த வாக்குறுதி நிறைவேறியது என்று சொல்லும்படி ஒரு கதை திரையில் வரவே இல்லை.

2025 மே 17 எபிசோடில் சூசனாக, 1963இல் நடித்த அதே கரோல் ஆன் ஃபோர்ட் மீண்டும் தோன்றினார். டாக்டரின் மனத்தில் எழும் காட்சியாக, என்னைக் கண்டுபிடி என்று கேட்கும் முகமாக. அவர் பிறந்தது 1940இல். அந்தச் சில நொடிகளில் எத்தனையோ ரசிகர்கள் அழுதிருப்பார்கள், நான் அழுதேன். ஆனால் சீசன் முடிந்தபோது அந்த இழை அப்படியே தொங்கவிடப்பட்டிருந்தது. அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் இதை முடித்துவைக்க வேண்டும், காலம் தாழ்த்தாமல் முடித்துவைக்க வேண்டும். புதிய வில்லன் யார், கடைசி நிமிடத் திருப்பம் என்ன என்பதெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

இந்தத் தொடருக்கு இந்தியாவுடன் தொடர்பு உண்டா?

முதல் நாளிலிருந்தே உண்டு. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு இருபத்தேழு. ஆண்களே நிறைந்திருந்த 1963இன் பிபிசியில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் சேர்ந்து, யாரும் பெரிதாக நம்பிக்கை வைக்காத நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தினார்கள். முதல் எபிசோட் வந்தது அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள். பலரும் பார்க்கவில்லை என்பதால் அடுத்த வாரம் அதையே மறுபடி போட்டுவிட்டுத்தான் இரண்டாவது எபிசோடுக்குப் போனார்கள்.

2018 நவம்பர் 11 அன்று வந்த "டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்", 1947 பிரிவினையின்போது எல்லையோரத்தில் நடக்கும் ஒரு திருமணத்தைப் பற்றியது. எழுதியவர் வினய் படேல். வேற்றுக்கிரகவாசிகள் வருகிறார்கள், ஆனால் கொலை செய்வது அவர்கள் அல்லர். இதுவரை இந்தத் தொடரைப் பார்க்காத தமிழ் வாசகர் ஒருவருக்கு ஒரே எபிசோடைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். 2025இன் தோழி பெலிண்டா சந்திராவாக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர்.

ஸ்பாய்லர்களிலிருந்து தப்ப முடியுமா?

முழுமையாக முடியாது. 2005இல் புதிய தொடரின் முதல் எபிசோடே ஒளிபரப்புக்கு முன் இணையத்தில் கசிந்துவிட்டது. ஒளிபரப்பான சில நாட்களிலேயே, டாக்டராக நடித்த கிறிஸ்டஃபர் எக்கிள்ஸ்டன் ஒரே சீசனோடு விலகுகிறார் என்ற செய்தியும் வந்துவிட்டது. தொடர் பெரும்பாலும் கார்டிஃப் நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் எடுக்கப்படுகிறது. தெருவில் படப்பிடிப்பு நடந்தால் மக்கள் படம் எடுக்கத்தான் செய்வார்கள்.

தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் தாராளமாகத் தேடிப் படிக்கலாம். தெரிந்துகொண்டதைப் பிறர் கண்ணில் படும்படி படத்தோடு தலைப்பில் போடாமல் இருந்தால் போதும். பில்லி பைப்பரின் வருகை பெரும்பாலானோருக்கு அதிர்ச்சியாகவே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இன்பம் அடுத்த முறையும் யாருக்காவது கிடைக்க வேண்டும்.

முந்தைய சீசன்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நான் உண்மையான ரசிகன் இல்லையா?

இந்தத் தொடரின் எல்லாக் காலத்தையும் ஒரே அளவு விரும்பும் ரசிகரை நான் பார்த்ததில்லை. 2025 சீசனின் முடிவு அவசரமாக இருந்தது, ராணி என்ற அருமையான வில்லியை வீணடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். அதை எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். ஆனால் நடிகரின் நிறத்தையோ பாலினத்தையோ இழுத்து வசைபாடுவது விமர்சனம் அன்று. 2017இல் டாக்டராக ஜோடி விட்டேக்கர் என்ற பெண் அறிவிக்கப்பட்டபோதும் பின்னர் கட்வாவின் காலத்திலும் அப்படிப்பட்ட வசைகள் குவிந்தன. மாறுவதையே உயிராகக் கொண்ட நாயகனைப் பார்த்து, நீ ஏன் மாறினாய் என்று கேட்பதில் பொருள் இல்லை.

தொலைந்துபோன எபிசோடுகள் என்கிறார்களே, அது என்ன?

1960களில் ஒளிநாடாக்கள் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கும் வாய்ப்புக் குறைவு. ஆகவே பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்து நாடாக்களை மீண்டும் பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் பலவும் தூக்கி எறியப்பட்டன. ஹார்ட்னெல், ட்ரௌட்டன் காலத்து எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை நீண்ட காலமாகக் காணாமல் போனவை.

படம் தொலைந்தாலும் அவை எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது. அன்றைய சிறுவர்களும் இளைஞர்களும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்ததால்தான் இருக்கிறது. அந்த ஒலியைக் கொண்டுதான் இன்று பல கதைகளை அனிமேஷனாக மறுபடி உருவாக்குகிறார்கள். சில படங்களும் கிடைத்தன. 1967இன் "தி டூம் ஆஃப் தி சைபர்மென்" முழுமையாக ஹாங்காங்கிலிருந்து மீட்கப்பட்டது. 2013இல், நைஜீரியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது எபிசோடுகள் கிடைத்த செய்தி வந்தது.

காத்திருக்கும் நேரத்தில் எதைப் பார்ப்பது?

புதியவர் என்றால் 2005இன் முதல் எபிசோட். அப்போதைய வரைகலை பழசாகத் தோன்றினால் 2010இல் மேட் ஸ்மித் டாக்டராகத் தொடங்கும் "தி எலெவன்த் அவர்". ஒரே ஒன்று போதும் என்பவர்களுக்கு 2007இன் "பிளிங்க்", அதில் டாக்டர் சில நிமிடங்களே வருவார் என்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தொடருக்குள் நுழையத் தயங்குபவர்கள் டாம் பேக்கரிடமிருந்து தொடங்கலாம். அவர் 1974 முதல் 1981 வரை டாக்டராக இருந்தார், இன்றுவரை அதுவே மிக நீண்ட காலம். 1979இன் "சிட்டி ஆஃப் டெத்" பாரிஸ் நகரத்தில் எடுத்த கலகலப்பான கதை. 1975இன் "ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்" அதற்கு நேர் எதிர். டாலெக்குகள் என்ற இனமே பிறக்காமல் தடுக்கும் கம்பிகள் டாக்டரின் கையில் இருக்கின்றன. இரண்டையும் இணைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று அவர் கேட்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காட்சி மங்கவில்லை. பழைய எபிசோடுகளை நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள். வாரம் ஒன்றாக வந்தவை அவை, ஒரே இருப்பில் பார்த்தால் நடுவில் ஓட்டமும் பிடிபடுதலும் அலுப்பூட்டும்.

சிறப்பு எபிசோடுக்கு முன் அவசியம் பார்க்கவேண்டியவை எவை?

2023இன் "தி கிகிள்", கட்வாவின் டாக்டர் எப்படி வந்தார் என்பதற்காக. 2025 மே 17 எபிசோட், சூசனுக்காக. பிறகு சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகள். நேரம் இருந்தால் பில்லி பைப்பருக்காக 2005 சீசனின் கடைசி இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்டிஸின் இதயத்தைத் திறந்து பார்த்து, காலம் முழுவதையும் தன் கண்ணுக்குள் ஏந்தியவள் ரோஸ். அவள் முகம் திரும்பி வந்ததற்கு விடை அங்கே இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.